உல்லம் மீன் ஏன் திரும்புகிறது?

கடலில் வளர்ந்து, மழைக்காலப் புதுவெள்ளத்தை எதிர்த்துக் கங்கையில் ஏறி, பிரயாகையையும் கடந்து ஆக்ரா வரை முற்காலத்தில் யாத்திரை செய்துவந்த உல்லம் மீன், 1975-இல் பரக்காவில் 109 மதகுகளோடு தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், மேலே செல்லமாட்டாமல் தயங்கி நிற்பது ஏன்? வெள்ளியென மின்னும் உடலும், அடிவயிற்றில் ரம்பப் பல் போன்ற கூரிய செதில்வரிசையும் கொண்ட இம்மீனுக்கு, சால்மனைப் போலத் துள்ளித் தாண்டும் சக்தி கிடையாது. நீரோட்டத்தை எதிர்த்தே வழியறிந்து வரும் அதனை, மதகின் அடியில் பீறிடும் உக்கிரமான பிரவாகம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. முட்டை சுமந்து இத்தனை தூரம் வந்த தாய்மீனின் நிலை பரிதாபமே. நம் காவிரியிலும் இம்மீன் ஏறி வந்ததுண்டு. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அவ்வரத்து அருகிப்போயிற்று.