காய்ச்சல் தணிந்த பிறகும் ஜாக்கிரதை!

‘பிரசவ ஜன்னி’ என்று நம் பாட்டிமார் பயந்து பயந்து சொல்வார்களே, நினைவிருக்கிறதா? அதைத்தான் இன்று டாக்டர்கள் ‘செப்சிஸ்’ வகையில் சேர்க்கிறார்கள். பிரசவத்தால் மட்டுமல்ல, நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ஆறாத புண் எதிலிருந்தும் இது வரலாம். கிருமியை விரட்டப் புறப்பட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி நிலை தடுமாறி, சொந்த உறுப்புகளையே கெடுத்துவிடுகிறது. 2017-ல் உலகெங்கும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது. அதில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு கணக்கு சொல்கிறது.

சரி, பிழைத்தவர்கள் கதி?

தென்காசியில் எங்கள் வீடு, குற்றால சீசன் வந்துவிட்டால் சத்திரம் மாதிரிதான். ஒரு ஆனி மாசம் என் தங்கை மகள் கைக்குழந்தையோடு வந்தாள். பிரசவத்தில் செப்சிஸ் வந்து பிழைத்தவள். “ஆறு மாசம் ஆயிட்டு பெரியம்மா, இன்னுமா பச்சை உடம்பு? ஐந்தருவிக்குப் போவோம்” என்றாள். ஆனால் மாசத்துக்கு ஒரு தரம் சளி, காய்ச்சல், உதட்டோரம் கொப்புளம். எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

அவர் விளக்கியது இதுதான். கல்யாண வீட்டில் ராப்பகலாக உழைத்தவர்கள் நாலாம் நாள் படுத்துவிடுவார்கள் அல்லவா? அப்படித்தான் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும். கடும் செப்சிஸில் ‘லிம்போசைட்’ அணுக்கள் ஏராளமாக மடிகின்றன, மிஞ்சியவை சோர்ந்துவிடுகின்றன. இந்தத் தளர்ச்சி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருஷத்துக்கு மேலும் நீடிக்கலாம். அந்தச் சமயத்தில் உடம்பில் உறங்கும் ஹெர்பிஸ் போன்ற வைரஸ்களும் தலைதூக்கும். அமெரிக்காவில், பிழைத்து வீடு திரும்பியவர்களில் 100-க்கு சுமார் 40 பேர் மூன்று மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். அதற்கு முக்கிய காரணம் புதிய தொற்று.

நாம் செய்ய வேண்டியது என்ன?

* டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் “செப்சிஸ் வந்த உடம்பு” என்று முதலில் சொல்லுங்கள்.

* ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடலாமா என்று கேளுங்கள்.

* மிச்சம் மீதி ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள்.

* பருப்பு, முட்டை, பால், நல்ல தூக்கம், மெல்ல மெல்ல நடை. பத்தியம் என்று வயிற்றைக் காயப்போட வேண்டாம்.

* தையலோ புண்ணோ ஆறும்வரை அருவிக் குளியலும் கூட்டமும் வேண்டாம்.

* வீட்டார் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தே பிரசவ ஜன்னிச் சாவை மளமளவென்று குறைத்தார்!

நடுக்கக் காய்ச்சல், வேகமான மூச்சு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவு, பிள்ளை பெற்றவளுக்கு அடிவயிற்று வலி, துர்நாற்றப் போக்கு — இவற்றில் எது தெரிந்தாலும் “விடியட்டும், பார்க்கலாம்” என்று இருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்துவிடுங்கள்.