கெர்னல் வாசலில் உங்க வாட்ச்மேன்!

கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலை க்ளிக் பண்றீங்க. கண் சிமிட்டறதுக்குள்ள திறந்துடுச்சு. ஆனா அந்த கேப்ல உள்ளே ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்து முடிஞ்சிருக்கு, தெரியுமா? 'யார் இவர்? இந்த ஃபைலைப் படிக்க இவருக்கு உரிமை இருக்கா?'ன்னு விசாரிச்சு, 'சரி, விடுங்கப்பா'ன்னு தீர்ப்பு வந்த பிறகுதான் ஃபைல் உங்க கண்ணுக்கே தெரியுது. தீர்ப்பு சொன்ன நாட்டாமை, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட நடுநாயகமான கெர்னல்!

அந்த நாட்டாமை பக்கத்துல உங்க ஆள் ஒருத்தரை நிறுத்தி, 'இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் முடியாதுன்னு சொல்லு'ன்னு காதுல ஓதிவைக்க முடிஞ்சா? லினக்ஸ்ல முடியும் பாஸ்! கெர்னலைத் திருத்தி எழுத வேணாம். ரீபூட் பண்ண வேணாம். சி மொழியில குட்டியா ஒரு ப்ரோக்ராம் போதும்.

கொக்கி பிறந்த கதை

2001-ல லினக்ஸ் கெர்னல் டெவலப்பர்கள் ஒண்ணுகூடின மாநாட்டுல, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி தன்னோட 'எஸ்.இ.லினக்ஸ்' என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்து காட்டியது. லினஸ் டோர்வால்ட்ஸ் யோசித்தார். பாதுகாப்புன்னா ஆளுக்கொரு கொள்கை. ஒருத்தரோட கொள்கையை மட்டும் கெர்னலுக்குள்ள ஏத்தினா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? 'யார் வேணாலும் வந்து மாட்டிக்கிற மாதிரி பொதுவா ஓர் ஏற்பாடு பண்ணுங்க' என்பது அவர் கருத்து. அப்படிப் பிறந்ததுதான் 'லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ்', சுருக்கமா எல்.எஸ்.எம். 2003 டிசம்பர்ல வெளியான 2.6 கெர்னல்ல இது இடம் பிடிச்சுது.

இதுல என்ன இருக்கு? ஹூக்குகள், அதாவது கொக்கிகள். ஃபைல் திறக்கும் இடம், புது ப்ரோக்ராம் ஓட ஆரம்பிக்கும் இடம், நெட்வொர்க் இணைப்பு போடும் இடம்னு கெர்னலுக்குள்ள முக்கியமான இடங்கள்ல எல்லாம் ஒரு கொக்கி. இன்னிக்கு 200-க்கும் மேல இருக்கு. உங்க கையில இருக்கறது ஆண்ட்ராய்டு போனா? அதுல ஆப்களைக் கட்டுப்படுத்தற எஸ்.இ.லினக்ஸ் தொங்கறதும் இதே கொக்கிகள்லதான்!

கொக்கி எங்கே இருக்குங்கறதுலதான் சூட்சுமம். எக்ஸாம் அன்னிக்கு மெயின் கேட்டோட செக்கிங்கை முடிச்சுட்டா என்ன ஆகும்? கேட்டைத் தாண்டினதும் பாக்கெட்ல பிட் ஏறிடும். பழைய பாதுகாப்பு சாஃப்ட்வேர்கள் சிலது இப்படித்தான் மாட்டிக்கிச்சு. ப்ரோக்ராம் கெர்னலைக் கூப்பிடற வாசல்லயே ஃபைல் பேரைப் பார்த்து 'ஓகே' சொல்லிடும். அடுத்த நொடியே அந்தப் பேரை மாத்திவெச்சு ஏமாத்தலாம். எல்.எஸ்.எம். கொக்கியோ ஹாலுக்குள்ள, உங்க பெஞ்சு பக்கத்துலயே நிக்குது. கெர்னல் எந்த ஃபைலைத் தொடப்போகுதோ, அதையே கையில வெச்சுக்கிட்டு விசாரிக்கும். ஏமாத்தறது ரொம்பக் கஷ்டம்.

ஒரே ஒரு தப்பு... 85 லட்சம் கம்ப்யூட்டர்!

சரி, கொக்கி இருக்கு. நம்ம விதியை அதுல எப்படி மாட்டறது? ரொம்ப நாளா இதுக்கு ஒரே வழிதான். கெர்னல் கோடிலேயே எழுதி, கம்பைல் பண்ணி, ரீபூட் பண்ணணும். அதைவிடப் பெரிய தலைவலி, கெர்னலுக்குள்ள ஓடற கோடில சின்னத் தப்பு நடந்தாலும் மொத்த மெஷினும் படுத்துடும்.

எவ்வளவு மோசமா படுக்கும்? 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்ன நாள். நம்ம நாட்டுலகூட விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. காரணம், க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட பாதுகாப்பு சாஃப்ட்வேர். அது கெர்னலுக்குள்ள உட்கார்ந்து வேலை செய்யற ரகம். அன்னிக்கு வந்த அப்டேட், 21-வது தகவல் ஒண்ணைக் கேட்டுது. கையில இருந்ததோ 20. இல்லாத இடத்துல போய்ப் படிக்க, சிஸ்டம் க்ராஷ்! தப்பான அப்டேட்டை 78 நிமிஷத்துலயே வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்குள்ள சுமார் 85 லட்சம் மெஷின்கள் அடிவாங்கினதா மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது.

அர்ரே சைஸைத் தாண்டிப் படிக்கறது... முதல் வருஷ சி லேப்ல நாம எல்லாரும் பார்த்த அதே தப்புதான்! லேப்ல பண்ணினா ரெக்கார்டுல சிவப்பு மை. கெர்னல்ல பண்ணினா விமானமே கிளம்பாது.

உள்ளே வரணுமா? டெஸ்ட் எழுது!

இங்கேதான் பி.பி.எஃப். என்ட்ரி கொடுக்குது. 1992-ல ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்ஸனும் நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டறதுக்காக உருவாக்கின குட்டி மெஷின் இது. 2014-ல அலெக்ஸி ஸ்டாரோவாய்ட்டோவ் முயற்சியில லினக்ஸ்ல விஸ்வரூபம் எடுத்து, இ-பி.பி.எஃப். ஆச்சு. அப்புறம் கூகுள்ல இருந்த கே.பி.சிங், 'இதையே பாதுகாப்புக் கொக்கிகள்ல மாட்டினா என்ன?'ன்னு கேட்டு வேலையில இறங்கினார். 2020 மே மாசம் வெளியான 5.7 கெர்னல்ல அது 'பி.பி.எஃப். எல்.எஸ்.எம்.'னு சேர்ந்துடுச்சு.

இதுல ஹீரோ யார்னா, 'வெரிஃபையர்'. உங்க ப்ரோக்ராம் கெர்னலுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி இவர்கிட்ட பாஸாகணும். சாதாரண எக்ஸாமினர் இல்லை. ப்ரோக்ராம் போகக்கூடிய பாதைகளை ஒண்ணு ஒண்ணா நடந்து பார்ப்பார். லூப் கட்டாயம் முடியுமா? அர்ரேவைத் தாண்டிப் படிக்கறியா? பாயின்ட்டர் காலியா இருந்தா என்ன பண்ணுவே? ஸ்டாக்ல 512 பைட்டுக்கு மேல கேட்கறியா? ஒரு கேள்விக்குப் பதில் சரியில்லைன்னாலும் அரியர்தான்! திருத்திட்டு மறுபடி வரணும். 'நான் நல்லவன், நம்புங்க'ன்னு சொல்ற டயலாக் எல்லாம் இங்கே எடுபடாது. நிரூபிச்சாத்தான் என்ட்ரி.

வாட்ச்மேனுக்கு ட்யூட்டி

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்க ப்ராஜெக்ட்டுக்காக ஒரு வெப் சர்வர் ஓட்டறீங்க. பக்கங்களை அனுப்பறது மட்டும்தான் அதோட வேலை. வேற ப்ரோக்ராமை ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனா ஓட்டை வழியா ஒரு ஹேக்கர் புகுந்தா, பெரும்பாலும் முதல்ல தேடறது ஒரு ஷெல். அதுலேருந்துதான் மத்த சேட்டை எல்லாம்.

கெர்னல்ல புது ப்ரோக்ராம் ஓட ஆரம்பிக்கும் இடத்துல ஒரு கொக்கி இருக்கு. அங்கே மாட்டற உங்க ப்ரோக்ராம் பண்ண வேண்டியது ரெண்டே வேலை. கேட்கறவரோட யூசர் நம்பர் என்னன்னு பார்க்கணும். அது வெப் சர்வரோட நம்பரா இருந்தா மைனஸ் 1 திருப்பணும். அப்படின்னா 'அனுமதி இல்லை'. மத்தவங்களுக்கு 0, அதாவது 'போகலாம்'. பத்து, பதினைஞ்சு வரி வந்தாலே அதிகம். 'க்ளாங்' கம்பைலர்ல பி.பி.எஃப். கோடா மாத்தி, 'லிப்பிபிஎஃப்' லைப்ரரி மூலமா ஏத்தினா, அந்த நிமிஷத்துலேருந்தே ட்யூட்டி ஆரம்பம். வேணாம்னா கழட்டிடலாம், மெஷினை நிறுத்த வேண்டியதே இல்லை.

முக்கியமான விஷயம்... இந்த வாட்ச்மேனுக்கு 'முடியாது'ன்னு சொல்லத்தான் அதிகாரம். ஃபைல் பர்மிஷன் மாதிரி வழக்கமான சோதனைகள் ஏற்கெனவே தடுத்ததை இவரால திறந்துவிட முடியாது. எஸ்.இ.லினக்ஸ் மாதிரி மத்த காவலர்களும் கூடவே நிப்பாங்க. ஒருத்தர் 'நோ' சொன்னாலும் நோதான்.

இது லேப் விளையாட்டு மட்டும் இல்லை. 2022-ல க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம், கெர்னல் ஓட்டைகளுக்கு வழிவிடற ஒரு வசதியைச் சாதாரண யூசர்கள் பயன்படுத்தாம தடுக்க இதே முறையைக் கையாண்டு, அதை விளக்கி எழுதவும் செஞ்சது. ஓடிக்கிட்டிருக்கற சர்வர்களை ரீபூட் பண்ணாமலே தடுப்பு போட முடிஞ்சதுதான் அதுல விசேஷம்.

எக்ஸாமினருக்கும் சறுக்கும்!

வெரிஃபையரும் மனுஷங்க எழுதின கோடுதானே? 2020-ல நடந்த 'பவ்ன்-டு-ஓன்' ஹேக்கிங் போட்டியில மான்ஃப்ரெட் பால், வெரிஃபையர் கணக்குல இருந்த ஒரு தப்பைப் பிடிச்சு, சாதாரண யூசரா நுழைஞ்சு உபுண்டுல ரூட் ஆகிக் காட்டினார். எக்ஸாமினர் ஏமாந்தா ஹால் மொத்தமும் காலி! அதனால 2021-லேருந்து கெர்னல்லயே, சாதாரண யூசர்கள் பி.பி.எஃப். ஏத்தறதை வழக்கமா மூடிவைக்கற ஏற்பாடு வந்துடுச்சு. கொக்கியில மாட்டறதுக்கோ ரூட் அளவு அதிகாரம் கட்டாயம்.

இன்னொரு ஆபத்து நம்ம கையிலயே இருக்கு. ப்ரோக்ராம் க்ராஷ் பண்ணாதுன்னுதான் வெரிஃபையர் பார்ப்பார். விதி நியாயமான்னு பார்க்க மாட்டார். யூசர் நம்பரைத் தப்பாப் போட்டு உங்களையே தடுத்தாலும், இலக்கணம் சரியா இருந்தா கையெழுத்து போட்டுடுவார். அப்புறம் உங்க வீட்டுக்குள்ள நீங்களே போக முடியாது! அதனால முதல்ல எதையும் தடுக்காம, யார் வர்றாங்க, போறாங்கன்னு குறிப்பு மட்டும் எடுக்க விடுங்க. ரெண்டு நாள் அந்தக் குறிப்பைப் பாருங்க. அப்புறமா 'நோ' சொல்லக் கத்துக்கொடுங்க.

ஆரம்பிக்கலாமா?

சொந்த லேப்டாப்ல கை வைக்காதீங்க. விர்ச்சுவல் மெஷின்ல ஒரு லினக்ஸ் போடுங்க. கெர்னல் 5.7 அல்லது அதுக்கு மேல இருக்கணும். எந்தெந்த எல்.எஸ்.எம். ஓடுதுன்னு கெர்னல் தர்ற பட்டியல்ல 'பி.பி.எஃப்.' பேர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, கெர்னல்ல அந்த வசதி சேர்ந்திருக்கான்னு உறுதி பண்ணிக்கிட்டு, பூட் ஆகும்போது கொடுக்கற ஆப்ஷன்ல அந்தப் பேரையும் சேர்க்கணும். ஒரு டிப்ஸ்: ஏத்திவிட்ட ப்ரோக்ராமை மூடினா, கூடவே வாட்ச்மேனும் வீட்டுக்குக் கிளம்பிடுவார். அவர் நிக்கணும்னா 'பின்' பண்ணி வைக்கணும்.

முதல் தடவை வெரிஃபையர் உங்களை ஃபெயிலாக்கினா கோபப்படாதீங்க. எந்த வரியில தப்புன்னு பக்கம் பக்கமா எழுதியே கொடுப்பார். பேப்பர் திருத்தற யாராவது நமக்கு இவ்வளவு விளக்கம் கொடுத்திருக்காங்களா, சொல்லுங்க?