தாவும் பேச்சைத் துரத்தும் ஸ்கேனர்

அமெரிக்காவில் பொதுமக்கள் கடையில் வாங்கிப் பயன்படுத்தும் ஸ்கேனர் என்ற வானொலிக் கருவியின் வேலை எளிது. பல அலைவரிசைகளை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டிப் பார்க்கும். எதில் பேச்சு வருகிறதோ அதில் நின்றுவிடும். போலிஸ், தீயணைப்பு, மாநகராட்சி என ஒவ்வோர் இலாகாவுக்கும் தனி அலைவரிசை இருந்தவரை இதுவே போதுமானதாக இருந்தது.

நகரங்கள் வளர்ந்தபோது அலைவரிசைகளுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. அதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘டிரங்கிங்’. வங்கியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். முன்பு ஒவ்வொரு முகப்பிலும் தனி வரிசை. இப்போது எண் சீட்டு எடுத்து அமர்ந்தால், எந்த முகப்பு காலியாகிறதோ அங்கே அழைக்கிறார்கள். டிரங்கிங்கில் சீட்டுக் கொடுப்பது கணினி. காவலர் பேசும் பொத்தானை அழுத்தியதும் அவருடைய குழுவுக்குக் காலியான ஓர் அலைவரிசை ஒதுக்கப்படும். பதில் வேறோர் அலைவரிசையில் வரலாம். பழைய ஸ்கேனரில் கேட்பவருக்கு ஒரு வாக்கியம் போலிஸ், அடுத்த வாக்கியம் குப்பை லாரி!

யாருக்கு எது ஒதுக்கப்பட்டது என்பதை அறிவிக்கவே ஓர் அலைவரிசை ஓயாமல் இயங்கும். காதுக்கு அது வெறும் இரைச்சல். யுனிடென் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ‘டிரங்க்டிராக்கர்’ அந்த இரைச்சலைப் படித்து, பேச்சு தாவும் இடமெல்லாம் தானும் தாவியது. ஆனால் மோட்டரோலா அமைப்புகளில் மட்டும்.

வழக்கத்திற்கு மாறான அமைப்புகளில்தான் பொழுதுபோக்காளரின் பொறுமை சோதிக்கப்பட்டது. ஈடாக்ஸ் என்ற அமைப்பு ‘நான்காம் எண்ணுக்குப் போ’ என்று மட்டுமே அறிவிக்கும். நான்காம் எண் எந்த அலைவரிசை என்பதைச் சொல்லாது. காவலரின் வாக்கிடாக்கிக்கு அது முன்பே தெரியும். ஸ்கேனர் வைத்திருப்பவரோ எல்லா அலைவரிசைகளையும் சரியான வரிசையில் பதிவு செய்தாக வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் வேறு யாரோ பேசுவதுதான் கேட்கும். அறிவிப்பு வரும் கணத்தில் எந்த அலைவரிசை உயிர்பெறுகிறது என்று குறித்துக் குறித்தே இந்த வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்டிஆர் அமைப்பு இன்னும் விசித்திரமானது. அதில் அறிவிப்புக்கென்று தனி அலைவரிசையே இல்லை. பேச்சுக்கு அடியில், காதில் விழாத தாழ்ந்த ஒலியில் தகவல் ஓடும்.

இத்தனை உழைப்பும் பயனற்றுப் போகும் இடம் ரகசியக் குறியாக்கம். செய்தியாளர்களுக்கு ஸ்கேனர் ஒரு தொழில் கருவி. நியூயார்க் புகைப்படக்காரர் வீஜி 1938இலேயே தம் காரில் போலிஸ் வானொலி வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர். அதே நகரப் போலிஸ் 2023 ஜூலையில், புரூக்ளினில் தொடங்கி, தன் பேச்சைக் குறியாக்கம் செய்யத் தொடங்கியது. குற்றவாளிகள் ஒட்டுக்கேட்கிறார்கள், பாதிக்கப்பட்டோரின் பெயரும் முகவரியும் ஊரறிய ஒலிக்கின்றன என்பது இத்தகைய மாற்றத்திற்குச் சொல்லப்படும் காரணம். இரண்டாவதை மறுப்பது கடினம். ஆனால் போலிஸ் தானே சொல்லும்வரை பொதுமக்களுக்கு எதுவும் தெரியாது என்ற நிலையும் நல்லதல்ல. சிகாகோ 2022இல் கண்ட சமரசம், பேச்சை 30 நிமிடம் தாமதித்து வெளியிடுவது. பக்கத்துத் தெருவில் துப்பாக்கிச்சூடு நடக்கும்போது அரை மணி நேரம் கழித்து வரும் தகவல் யாருக்கு உதவும்?

அங்கும் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது. கைத்தொலைபேசிப் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ 1994 முதல் தடை உண்டு. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆவது பிரிவு, அதிகாரமின்றிப் பிறருடைய தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. பயணம் போன இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்கேனர் வாங்கி வருவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.