குமிழியும் மண்டியும்

ஷாம்பெயின், காவா, ப்ரொசெக்கோ மூன்றும் நுரைக்கிற ஒயின்தானே, விலையில் மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர்ப் பெயருக்கு இருக்கும் மவுசு ஒரு காரணம். இன்னொன்று, மண்டி.

நொதித்து முடிந்த ஒயினில் மறுபடி சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து இறுக மூடினால், வெளியேற வழியில்லாத கரியமில வாயு அதிலேயே கரைந்துவிடும். இத்தாலியின் ப்ரொசெக்கோவை எவர்சில்வர் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். மார்ட்டினோட்டி என்பவர் 1895இல் காப்புரிமை பெற்ற வழி அது. சில வாரங்களில் வடிகட்டி அடைத்துவிடலாம். பிரான்சின் ஷாம்பெயினும் ஸ்பெயினின் காவாவும் பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கின்றன. செத்த ஈஸ்ட்டோடு காவா 9 மாதமாவது கிடக்க வேண்டும். ஷாம்பெயின் கிடங்கைவிட்டு வெளியே வர 15 மாதமாவது ஆகும். சுட்ட ரொட்டி வாசம் ஏறுவது அப்படித்தான்.

அந்த ஈஸ்ட்டை எப்படி வெளியே எடுப்பது? எங்கள் வீட்டுக் கருப்பட்டிக் காப்பியில் மண்டி டம்ளர் அடியில் தங்கும், கடைசி வாயை விட்டுவிடுவோம். இங்கே ஒரு துளி கலங்கலும் ஆகாது, வாயுவும் போகக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரெய்ம்ஸ் நகரில் ஷாம்பெயின் தயாரித்த மதாம் கிளிக்கோவின் கிடங்கில் இதற்கு வழி பிறந்தது. துளையிட்ட பலகையில் பாட்டில்களைக் கழுத்து கீழாகச் செருகி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பாட்டில் இன்னும் செங்குத்தாகும். மண்டி சரிந்து சரிந்து மூடியருகே சேரும். பிறகு கழுத்தை மட்டும் உறைகுளிரில் அமிழ்த்தித் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தமே மண்டியைப் பனிக்கட்டியாக வெளியே தள்ளிவிடும்! இன்று பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள்தாம் திருப்புகின்றன. கையால் திருப்புகிறவர்களும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டதை 1967இல் லெ மான் கார் பந்தயத்தில் வென்ற டான் கர்னி கூட்டத்தின் மேல் பீய்ச்சியடித்தார். அது இன்று சடங்காகிவிட்டது. எனக்குச் சகிக்கவில்லை. பீய்ச்சத்தான் வேண்டுமென்றால் சோடா போதாதா?

தொட்டியில் செய்தது என்று ப்ரொசெக்கோவை மட்டமாகப் பேசுவதும் நியாயமில்லை. கிளேரா திராட்சையின் பேரிக்காய் வாசம்தான் அதன் அழகு. ஈஸ்ட்டோடு ஊறப்போட்டால் அது அமுங்கிவிடும். வாங்குகிறவர்கள் லேபிளை மட்டும் கவனியுங்கள்: ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்பது ‘ப்ரூட்’டைவிட இனிப்பானது. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. மற்றதில் 17 கிராம் வரை போகும்.