எலிக்குக் குறைந்த கொழுப்பு நமக்கும் குறையுமா?

ஜொகூர் பாருவின் இரவுச் சந்தையோ, வாட்ஸ்அப் குழுவோ, கெலுலுட் எனும் கொசுத்தேன் விற்பவர்கள் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே விற்கிறார்கள்: "கொலஸ்ட்ராலைக் குறைக்கும், ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது." ஆராய்ச்சிகள் நடந்தது உண்மை. அவற்றில் பல எலிகளிடம் நடந்தவை.

கொழுப்பு மிகுந்த தீனியோடு தேனும் கொடுக்கப்பட்ட எலிகளின் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால், எலியின் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நல்ல கொழுப்பாகவே ஓடுகிறது. நமக்கோ பெரும்பங்கு கெட்ட கொழுப்பு. அதனால் எலியின் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போட முடியாது.

மனிதர்களிடம்? கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1,105 பேர் பங்கேற்ற 18 தேன் சோதனைகளை 2022இல் தொகுத்தனர். கெட்ட கொழுப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் பல முடிவுகளின் உறுதி குறைவு என்று அவர்களே சொன்னார்கள். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் என்பதே அவர்கள் யோசனை. கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

ஆபத்து அங்கேதான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் மூன்று பெரியவர்களில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். அது வலிக்காது. தேனை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் அறிகுறி மாரடைப்பாகவே வரலாம். ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உணவு லேபிளில் நோய் தீர்க்கும் என்று எழுத 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் இடம் தருவதில்லை. இதயநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குணப்படுத்தும் என விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. பதிவு பெற்ற மருந்துப் பொருளில் 'எம்ஏஎல்' எண் இருக்கும். அது இல்லாத தேன் வெறும் உணவுதான்.

கலப்படச் சந்தேகமா? தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் தீக்குச்சி கொளுத்துவதும் சோதனை ஆகா. கெலுலுட் தேன் இயல்பிலேயே நீர்த்தும் புளித்தும் இருப்பது. புட்டி, ரசீது, விளம்பரப் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற பயனீட்டாளர் நடுவர் மன்றம் உண்டு: கட்டணம் 5 ரிங்கிட், வரம்பு 50,000 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

தேன் பிடித்தால் சீனிக்குப் பதில் ஒரு தேக்கரண்டி விட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை அரசு கிளினிக்குக்குப் போகும்போது அதை டாக்டரிடம் சொல்லுங்கள். கொழுப்பு குறைந்ததா என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனை சொல்லட்டும். எலியின் இரத்தம் சொல்ல வேண்டாம்.