கைப்பணியும் கணக்கும்

கைத்திறன் வேறு, கைத்தொழில் வேறு. ஓலையை வார்ந்து அழகிய பெட்டி இழைப்பது கைத்திறன். இழைத்த பெட்டியை விற்று, இழைத்தவரின் குடும்பம் மானத்தோடு உண்ண வழிசெய்வது கைத்தொழில். முன்னையது விரல்களில் உறைவது. பின்னையது கணக்கினால் நிலைபெறுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால், திறமை சிறிதும் குன்றாதிருந்தும் தொழிலை இழந்த கைப்பணியாளர் நம்மிடையே பலர். இடையில் நின்றுபோன சிறு கைப்பணித் தொழிலொன்றை மீண்டும் தொடங்க விரும்புவோர் எவற்றை ஆராய்தல் வேண்டும் என்பதை, யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் நம் வீடுகளில் ஓலைப்பொருள் இல்லாத மூலை இல்லை. எரு சுமக்கக் கடகம், அரிசி புடைக்கச் சுளகு, நெல் காயவிடப் பாய், பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டி, இடியப்பம் பிழிய ஈர்க்குத் தட்டு எனப் பனை அடுக்களையையும் தோட்டத்தையும் ஒருங்கே நிரப்பியிருந்தது. 1977ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின், மலிவான பிளாஸ்டிக் பொருள்கள் அவ்விடத்தைப் பற்றத் தொடங்கின. பனைத்தொழிலைப் பேணுவதற்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. ஆயினும் பின்வந்த போர்க்காலம் மக்களை இடம்பெயர்த்தது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகளும் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. மரமும் குறைந்து, பணியாளரும் சிதறி, வாங்குவோர் பழக்கமும் மாறிய நிலையில், பல வீடுகளில் இத்தொழில் ஓய்ந்தது.

எனது சிறிய தாயார் அவ்வாறு தொழில் ஓய்ந்தோருள் ஒருவர். போர் முடிந்து பாதை திறந்ததும், 2010ஆம் ஆண்டில், தெற்கிலிருந்து வந்த பயணிகளின் கூட்டத்தைக் கண்டு அவர் மீண்டும் பெட்டி இழைக்கத் தொடங்கினார். கடைக்காரர் ஒருவர், விற்றபின் பணம் தருவதாகக் கூறி, நாற்பது பெட்டிகளை ஏற்றுக்கொண்டார். மாரிகாலம் கழிந்தபோது அவற்றுள் இருபத்திரண்டு பெட்டிகள் பூஞ்சணம் பிடித்தவையாய்த் திரும்பி வந்தன. விற்றவற்றின் பணமும் சிறிது சிறிதாகவே கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அம்முயற்சி நின்றது. அப்பொழுது அவரிடம், "ஒரு பெட்டிக்கு உங்கள் கூலி எவ்வளவு?" என்று கேட்டேன். "என்ர கைக்கு என்ன கூலி, தம்பி? வீட்டில சும்மா இருக்கிற நேரந்தானே" என்றார். விடியுமுன் எழுந்து இரவு விளக்கணைக்கும்வரை ஓயாத ஒருவர் சொன்ன விடை அது. தொழில் நின்றதற்குரிய முதற் காரணம் அவ்விடையிலேயே அடங்கியிருந்தது.

திருக்குறளின் நாற்பத்தேழாம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை, ஒரு செயலிற் புகுமுன் எண்ணவேண்டியவை மூன்று என்று தொடங்குகின்றது. செயலினால் நாம் செலவழிப்பது யாது? அதனால் உண்டாவது யாது? பின்னர் எஞ்சும் ஆதாயம் யாது? அரசனுக்குக் கூறிய இவ்வறிவுரை பெட்டி இழைப்பவருக்கும் பொருந்தும். 2023ஆம் ஆண்டில் என் சிறிய தாயாரின் மகள் அத்தொழிலை மீண்டும் எடுக்க விரும்பியபோது, நாங்கள் ஓலையை வாங்குமுன் ஒரு குறிப்பேட்டை வாங்கி, இம்மூன்று வினாக்களையே அதன் முதற்பக்கத்தில் எழுதினோம்.

முதலாவது, செலவழிப்பது. ஓலை, சாயம், போக்குவரத்து ஆகியவற்றை எவரும் கணக்கிடுவர். மறக்கப்படுவது காலம். பொருளியலார் இதனை அமையச் செலவு என்பர். ஒரு வேலையில் ஈடுபடுவதற்காக நாம் கைவிடும் மற்றொரு வேலையின் பயனே அது. ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒரு மூடுபெட்டிக்கு ஓலையும் சாயமும் 80 ரூபா, ஏனைய செலவு 20 ரூபா, இழைக்கும் நேரம் ஐந்து மணி எனக் கொள்க. அதனை 400 ரூபாவுக்கு விற்றால் 300 ரூபா இலாபம் என்று மகிழ்வோம். உண்மையில் அது இலாபமன்று. மணிக்கு 60 ரூபாக் கூலி மட்டுமே. மணிக்கு 150 ரூபா வேண்டுமென எண்ணினால் பெட்டியின் கிரயம் 850 ரூபாவாகும். விற்பனை விலையில் ஐந்திலொரு பங்கைக் கடைக்காரர் எடுப்பாராயின், கடையில் அதன் விலை ஏறத்தாழ 1,060 ரூபாவாக இருத்தல் வேண்டும். இக்கணக்கு மனத்துக்கு உவப்பானதன்று. எனினும் கசப்பான கணக்கைத் தொடக்கத்திலே காண்பது, இனிய கற்பனையை முடிவிலே இழப்பதிலும் நன்று.

இரண்டாவது, உண்டாவது. எப்பொருளை இழைப்பது என்பதை ஆசையன்றி அளவையே தீர்மானித்தல் வேண்டும். பன்னிரண்டு வாரம் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்த நேரத்தைக் குறித்து வந்தோம். பெருமையோடு இழைக்கப்பெற்ற பெரிய பெட்டியிலும் பார்க்க, ஒரே அளவான சிறு பெட்டியே மணிக்குக் கூடிய வரும்படி தந்தது. சித்திர விளிம்பே நேரத்தைப் பெரிதும் விழுங்கியது. ஆகவே பதினொரு வகைப் பொருள்களை மூன்றாகக் குறைத்தோம். ஒரு நாள் ஓலை வார்தல், மற்றொரு நாள் சாயமிடல், ஏனைய நாள்களில் இழைத்தல் என வேலையைப் பகுத்தமையால் நேரமும் மிஞ்சியது, அளவும் ஒழுங்குபட்டது. ஒரே அளவு என்பது வாங்குவோருக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதியாகும். இருபது பெட்டி கேட்பவர், இருபதும் ஒன்றுபோல் இருக்குமென நம்பியே கேட்கின்றார்.

இங்கு மூலப்பொருளின் இயல்பையும் அறிதல் வேண்டும். நுண்ணிய பணிக்கு ஏற்றது விரியாத இளஞ்சார்வோலை. பனை ஆண்டொன்றில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஓலைகளையே ஈனுவதால், அளவின்றிக் குருத்தை வெட்டுவது முதலையே உண்பதற்கு ஒப்பாகும். மேலும், வெட்டிய ஓலையை நன்கு வெயிலில் உலர்த்தி, ஈரம் படாது கட்டி வைத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது அது இயலாது. எனவே கோடையிலேயே மாரிக்குரிய ஓலையைச் சேமித்தல் இன்றியமையாதது. முன்னைய முயற்சியில் பெட்டிகள் பூஞ்சணம் பிடித்தமைக்குக் கடைக்காரரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. அரைகுறையாய் உலர்ந்த ஓலையில் அவசரமாக இழைத்தது எம்முடைய பிழை.

மூன்றாவது, எஞ்சும் ஆதாயம். இது பெரும்பாலும் விற்கும் முறையைப் பொறுத்தது. நாங்கள் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். கடன்பெற்றுத் தொடங்குவதில்லை. முற்பணமின்றிப் பெருந்தொகைக் கட்டளையை ஏற்பதில்லை. வீட்டுச் செலவுப் பணமும் தொழிற் பணமும் ஒரே பேழையில் இருப்பதில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள்கள் நிகழும். அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்தும் உறவினர் வருவர். அதற்குமுன் மூன்று மாதம் இழைத்துச் சேமித்தல் வேண்டுமெனக் குறிப்பேடு காட்டியது. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகள் முதலிய ஒருமுறைப் பாவனைப் பொருள்களுக்கு அரசு 2023இல் தடை விதித்ததும் ஈர்க்குத் தட்டுக்கு ஒரு வாய்ப்பாயிற்று. எனினும், சட்டம் வாயிலைத் திறக்குமேயன்றிப் பொருளை விற்றுத் தராது. தட்டு உறுதியாயும் தூய்மையாயும் இருந்தால் மட்டுமே வாங்கியவர் மறுமுறை வருவார்.

விலையை உயர்த்தியபோது பழைய வாடிக்கையாளர் சிலர் விலகினர் என்பதை மறைப்பதற்கில்லை. "ஓலைக்கு இவ்வளவா?" என்று முகஞ்சுளித்தவரும் உளர். சிறிய தாயார் அஞ்சி, விலையைக் குறைத்துவிடலாம் என்றார். அவருடைய மகள் குறிப்பேட்டைத் திறந்து, ஒரு பெட்டிக்கு எடுத்த நேரத்தை வந்தவர்க்குக் காட்டினாள். சிலர் அப்போதும் போயினர், சிலர் வாங்கினர். வாங்கியோரிற் பலர் மீண்டும் வந்தனர். இன்றும் அது பெருஞ்செல்வம் தரும் தொழிலன்று. ஆயின் எடுத்த கூலியை எழுதிவைக்கக்கூடிய தொழில்.

வணிகமும் பொருளியலும் கற்கும் மாணவர்க்கு ஒன்று கூற விழைகின்றேன். கிரயக் கணக்கியலைப் பெருந்தொழிற்சாலைக்கு மட்டும் உரியதென எண்ணற்க. உங்கள் ஊரில் பெட்டி இழைக்கும், பாய் பின்னும், மண்பாண்டம் வனையும் முதியோர் இருப்பர். அவர்களிடம் கலையைக் கேட்டறியுங்கள். கைம்மாறாகக் கணக்கை எழுதிக் கொடுங்கள். சிறிய தாயாருக்குக் கண்பார்வை இப்பொழுது மங்கிவிட்டது. விளிம்பு கட்டும் நுட்பத்தை மகளுக்கு விரலாலே தொட்டுக் காட்டுகின்றார். கற்பிக்கும் அந்நேரத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு நிரல் உண்டு. அதன் தலைப்பு, "அம்மாவின் கூலி" என்பதாகும். மாத முடிவில் அதனைத்தான் முதலிற் கொடுத்துத் தீர்க்கின்றனர்.