ஆறிய புண்ணும் ஆறாத நோவும்

புண் ஆறிய பின்னரும் நோவு ஆறாதிருத்தல் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், பிலடெல்பியா நகரத்து இராணுவ மருத்துவமனையொன்றில் ஸைலஸ் வெயர் மிச்செல் என்னும் மருத்துவர் இதனைக் கண்கூடாகக் கண்டார். குண்டு பாய்ந்து கைகால் நரம்பு ஊறுபட்ட வீரர் சிலர், காயம் மூடிப் பன்னாள் சென்ற பின்னும், அவ்வுறுப்பு தீயில் வேவது போலத் துடித்தனர். காலில் நோவுடையோர் சப்பாத்தினுள் நீரை வார்த்துக்கொண்டனர். செய்தித்தாள் சலசலக்கும் ஓசையும் அவர்க்குப் பொறுத்தற்கரிதாயிற்று. தோழர் இருவருடன் 1864-இல் வெளியிட்ட நூலில் மிச்செல் நரம்பூறுகளை விரித்துரைத்தார். காயமின்றிக் கதறுவோனை உலகம் எளிதில் நம்புவதில்லை. அவர் நம்பினார் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நிற்க. இந்நோவு விளையும் இடம் யாது? முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடத்தின் பின்புறத்தே, உடலினின்றும் வரும் நரம்பு நார்கள் தாம் கொணர்ந்த செய்தியை அடுத்த நரம்பணுக்களிடம் ஒப்புவிக்கின்றன. அதற்குத் துணையாகும் தூதுப்பொருள்களுள் நியூரோபெப்டைடுகள் ஒரு வகையின; அமினோ அமிலங்களைக் கோத்த சிறு மாலைகள் எனலாம். அவற்றுள் பெயர்பெற்றது 'பி-பொருள்'. 1931-இல் வான் ஆய்லரும் காடமும் குதிரையின் மூளையினின்றும் குடலினின்றும் இதனைப் பெற்றனர். பொடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே பெயராயிற்று என்பர். தமிழிலும் பொடிக்குப் பகரமே முதலாதல் நமக்கு வாய்த்த நற்பேறு! அம்மாலையில் 11 மணிகள் உள என்பது தெளிய நாற்பதாண்டு சென்றது.

நரம்பு அறுபட்டால் பி-பொருள் மிகும் என்றே எவரும் எண்ணுவர். எலிகளிடத்துக் கண்ட உண்மையோ மாறானது. அறுபட்ட மெல்லிய நோவு நார்களில் அது குறைகிறது. காலனின், நியூரோபெப்டைடு ஒய் என்னும் வேறிரண்டு பெருகுகின்றன. அன்றியும், தொடுகையை மட்டும் அறிவித்துவந்த பருத்த நார்களுக்குரிய அணுக்கள் சில, முன்பு தமக்கு இயல்பாகாத பி-பொருளை ஆக்கத் தொடங்குகின்றன. தொடுகையின் தூதன் நோவின் முத்திரை மோதிரத்தை அணிந்து வந்தாற்போலும்! ஆடை உராய்தலும் நோவாவதற்கு இஃதொரு காரணமாகலாம். அவ்வீரர் பொய்த்தாரல்லர், அவர்தம் தண்டுவடத்திற் செய்தியே திரிந்தது.

இனி, பி-பொருளின் வாயிலை அடைத்தால் நோவு தணியுமன்றோ எனின், விலங்குகளில் தணிந்தது, மக்களிடத்துப் பொய்த்தது. நோவைச் சுமப்பது அஃதொன்றே அன்று. குளூட்டமேட் முதலாய தூதுப்பொருள் பிறவும் உள. அவ்வகை மருந்தாகிய அப்ரெபிடண்ட், புற்றுநோய் மருந்தால் நேரும் வாந்தியைத் தடுக்க 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டில் ஒப்புதல் பெற்ற ஸிகோனோடைடு வேறு வழியிற் செல்வது. கடல்வாழ் கூம்புநத்தையின் நஞ்சை ஒப்பச் செய்த அது, தூதுப்பொருள்கள் வெளிப்படும் நிலையிலேயே தடுக்கின்றது. ஆயினும், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலேயே அதனைச் செலுத்தல் வேண்டும். மனக்குழப்பம் முதலாய இடர்களும் நேர்தலின், கடுநோவுற்றுப் பிற மருந்துகளாற் பயன்பெறாதார்க்கே அளிக்கின்றனர்.